கடைசியாக வந்தவருக்கு முதல் இடம்

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் டாக்சி ஓட்டுகிறவன். பின்லாந்தின் வடகோடியில், சாலை முடிந்துபோகிற ஓர் ஊரில். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழங்களையும் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. கதை கட்ட எனக்கு வராது. இதில் முக்கால் பாகம் ரய்யா என்ற பெண்ணுக்கு நடந்தது. அவள் வாயால் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அவள் வலது உள்ளங்கையில் தோல் உரிந்த தழும்பு இருக்கிறது. கேட்டால் காட்டுவாள். மீதிக் கால் பாகத்தை நானே பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த ஜனவரியை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. மைனஸ் நாற்பதுக்குக் கீழே போன குளிர் ஒரு வாரமாக மேலே ஏறவே இல்லை. வாசலில் நின்ற காரின் டயர் அடிப்பக்கம் தட்டையாக உறைந்து, ஓட்டினால் கட்டை வண்டி மாதிரி தடக் தடக் என்றது. சூரியன் வருகிற மாதமும் இல்லை அது. பகல் பதினொரு மணிக்கு நீலமாக ஒரு வெளிச்சம் வரும். இரண்டு மணிக்கு மேல் அதுவும் போய்விடும்.

அந்தக் குளிரில்தான் தவ்னோவுக்கு வீம்பு வந்தது. தவ்னோ, ரய்யாவின் அண்ணன். லாரி டிரைவர். நல்ல உழைப்பாளிதான், ஆனால் வாய் மட்டும் ஆளுக்குப் பத்து மைல் முன்னால் போகும். எதிலும் நான்தான் முதல் என்பான். கடைவாசலில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள் என்பதற்காக, "இந்தக் குளிர்லயே கொர்ப்பி குடில் வரைக்கும் போய், தங்கிட்டு வந்து காட்டறேன் பாருங்கடா" என்று சவால் விட்டுவிட்டான். கொர்ப்பி குடில் காட்டுக்குள் பதினெட்டு கிலோமீட்டர். பனிச்சறுக்குக் கட்டையில்தான் போக வேண்டும்.

"உன்னைத் தனியா விட்டா செத்துத் தொலைவ. அப்புறம் அம்மா என்னைத்தான் புடுங்குவாங்க," என்று ரய்யாவும் கூடக் கிளம்பினாள். பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறவள். அண்ணனும் தங்கையும் பேசினால் அது சண்டையில்தான் முடியும். ஆனால் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

சாலை முடிகிற இடத்தில் ஆற்றோரமாகப் பியேராவின் வீடு. கலைமான் மேய்க்கிறவன். வீட்டில் அவனும் அவன் அப்பா ஈஸ்கோவும் மட்டும்தான். காலையில் காரை அங்கே விட்டுவிட்டு இருவரும் காப்பி குடிக்க உள்ளே போனார்கள். அடுப்புப் பக்கத்து நாற்காலியில் ஈஸ்கோ உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. ஊரில் அவர் வாயில் விழாத ஆளே கிடையாது.

"என்னடா தவ்னோ, கால்ல பத்து விரலும் இருக்கா? எண்ணிக் காட்டிட்டுப் போ. திரும்பி வர்றப்ப சரி பாக்கணும்."

"போங்க மாமா. நான் பாக்காத குளிரா?"

"நீ பாத்த குளிரெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள்ளதான்."

பியேரா சிரித்துக்கொண்டே, "அப்பா, கொஞ்சம் எழுந்திருங்க, ரய்யா உக்காரட்டும்," என்றான்.

கிழவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். நாடகக்காரர் மாதிரி. "இந்த வீட்டுக்கு முதல்ல வந்தவன் நான். எண்பத்து மூணு வருஷம் முன்னாடி, இதே அறைக்குள்ள, அழுதுகிட்டே வந்தேன். அப்ப நான்தானே இடம் விடணும்? வழக்கம்னா வழக்கம்தான். உக்காரும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது என்பாள் ரய்யா.

அது என்ன வழக்கம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் காடுகளில் அங்கங்கே குடில்கள் உண்டு. பூட்டு கிடையாது, காவல் கிடையாது, வாடகை கிடையாது. யார் வேண்டுமானாலும் தங்கலாம். கிளம்புகிறவர், அடுத்து வருகிறவருக்காக விறகுச் சிம்பு சீவி அடுப்பருகே வைக்க வேண்டும். தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியைப் பாதி வெளியே இழுத்து வைக்க வேண்டும். வருகிறவன் விரல் விறைத்துப்போயிருக்கலாம் இல்லையா. இது ஒன்று. இன்னொன்று, கடைசியாக வந்தவருக்குத்தான் முதல் இடம். முன்னால் வந்தவர் குளிர் காய்ந்தாயிற்று, ஈரம் உலர்த்தியாயிற்று. இடம் போதவில்லை என்றால் முதலில் வந்தவர்தான் மூட்டை கட்ட வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அதை மீறினவனோடு எங்கள் ஊரில் யாரும் காப்பி குடிக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். குடில் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். யார் வீடும் இல்லையே, எதற்குத் தட்டுவது?

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதித் தூரம் தவ்னோ பாடிக்கொண்டே போனான். பிறகு பாட்டு நின்றது. மூச்சு இழுத்தால் மூக்கு மயிர் ஒட்டியது. கண் சிமிட்டினால் இமை ஒட்டியது. சாமான் ஏற்றிய இழுவைத்தட்டைக் கயிறு கட்டி ரய்யா இழுத்து வந்தாள். நின்றால் குளிர் பிடிக்கும். வேகமாகப் போனால் வியர்க்கும். வியர்த்தால் அது உடம்பிலேயே உறையும். மனுஷன் அங்கே வரக் கூடாது என்று காடே சொல்கிற மாதிரி இருந்தது என்றாள்.

ஒரு ஏரி வந்தது. கரையோரமாகச் சுற்றிப் போகலாம் என்றாள் ரய்யா.

"நீ சுத்திக்கிட்டே வா. நான் குறுக்க போய் முதல்ல நிக்கறேன்."

நடு ஏரியில், பனிக்கு அடியில், தண்ணீர் தேங்கி நின்றது. மேலே பார்த்தால் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். தவ்னோ நிஜமாகவே விட்டான். இடது கால் முழங்கால் வரை நனைந்தது. வெளியே எடுத்த நிமிஷத்தில் பூட்ஸ் இரும்பு மாதிரி ஆகிவிட்டது. இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது.

வெளிச்சம் போனபிறகுதான் குடில் வந்தது. ரய்யா கதவைத் திறந்து அவனை உள்ளே தள்ளினாள். வாசற்படி தடுக்கி விழுந்தபடியே தவ்னோ சொன்னான், "பாத்தியா... நான்தான் முதல்ல வந்தேன்."

"வாயை மூடு."

ஒரே அறை. ஒரு இரும்பு அடுப்பு. இரண்டு பேர் ஒட்டிப் படுக்கிற மாதிரி ஒரு பலகை மேடை. அவ்வளவுதான். முன்னால் தங்கினவர் சிம்பு சீவி வைத்திருந்தார், நல்லவர். ரய்யா அடுப்பை மூட்டினாள். அவன் பூட்ஸைக் கத்தியால் கிழித்து எடுத்தாள். மூன்று விரல் மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தது. தட்டினால் கட்டைச் சத்தம் வந்தது.

ரய்யாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். காட்டுக்குள் போன் எடுக்காது. இரவு முழுக்க இவனைச் சூட்டில் வைத்திருக்க வேண்டும், காலையில் தான் மட்டும் போய்ப் பியேராவைக் கூட்டி வர வேண்டும் என்று முடிவு செய்தாள். இன்றைக்கே இவனை வெளியே கொண்டுபோனால் காலும் போகும், ஆளும் போவான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வெளியே மாட்டியிருந்த வெப்பமானியில் மைனஸ் நாற்பத்து மூன்று.

மெல்ல மெல்ல அறை சூடானது. தவ்னோ ரொட்டி கேட்டான். கொடுத்தாள். திட்டினாள். அவனும் திட்டினான். அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மாலை ஐந்தரை மணி இருக்கும்.

வெளியே சத்தம்... சர்... சர்... சர்...

சறுக்குக் கட்டை பனியில் வருகிற சத்தம். பிறகு கட்டைகளைப் பனியில் குத்தி நிறுத்துகிற சத்தம். டொக். டொக். பிறகு படியில் கிடக்கும் விளக்குமாற்றை எடுத்துப் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டுகிற சத்தம். எங்கள் ஊர்க்காரர் எல்லாரும் செய்கிறதுதான். இந்தக் குளிரில் இன்னொரு பைத்தியமா என்று நினைத்தாள் ரய்யா.

பிறகு கதவு தட்டப்பட்டது.

டக். டக். டக்.

தவ்னோ கண்ணைத் திறந்தான். "எவன்டா அவன், குடில் கதவைத் தட்டறான்? தெற்கத்திக்காரனா இருப்பான்."

ரய்யா யோசிக்கவில்லை. வாயில் பழகின வார்த்தை தானாக வந்தது.

"வாங்க, வாங்க. கடைசியா வந்தவருக்குத்தான் முதல் இடம்."

கதவு திறந்தது.

கடுங்குளிரில் கதவைத் திறந்தால் வெள்ளை மூட்டமாக ஆவி உள்ளே உருண்டு வரும். ஒவ்வொரு வீட்டிலும் வரும். அன்றைக்கு வரவில்லை. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை.

வந்தவன் உயரம். பழைய கம்பளிக் கோட்டு. காது மூடிய தோல் தொப்பி. புருவமெல்லாம் உறைபனி. தோள் இரண்டிலும் நாலு விரல் உயரத்துக்குப் பனி. அவன் அடுப்பருகே நின்றான். கையுறையைக் கழற்றவில்லை. தொப்பியைக் கழற்றவில்லை.

"காப்பி இருக்கு, ஊத்தவா?" என்றாள் ரய்யா.

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தோளில் இருந்த பனி உருகவில்லை. அடுப்பு கனகனவென்று எரிகிறது, அதற்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறான்... ஒரு சொட்டு விழவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரில் ஒரு வாரமாகப் பனியே பெய்யவில்லை.

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். மேடையைப் பார்த்தான். அவர்களைப் பார்த்தான்.

"இடம் ரெண்டு," என்றான். "ஆள் மூணு."

"நான் கீழ படுத்துக்கறேன்," என்றாள் ரய்யா வேகமாக. "நீங்க மேடையில படுங்க. அண்ணனுக்குக் கால் சரியில்ல."

"முதல்ல வந்தது யாரு?"

ரய்யா, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் இருந்து தவ்னோவின் குரல் முந்திக்கொண்டது. காய்ச்சல் குரல். ஆனாலும் அதே ஜம்பம்.

"நான்தான்யா. எப்பவும் நான்தான் முதல்ல."

அவன் தலையாட்டினான்.

"அப்ப நீ கெளம்பு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றாள்.

தவ்னோ எழுந்து உட்கார்ந்தான். போர்வையை மடித்தான். கிழிந்த பூட்ஸுக்குள் அந்த வெள்ளைக் காலை நுழைக்கப் பார்த்தான்.

"டேய் அண்ணா! என்னடா பண்ற?"

"வழக்கம்னா வழக்கம்தான் ரய்யா." அவன் கண் அவளைப் பார்க்கவே இல்லை.

அவள் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அவன் பூட்ஸ் கயிற்றைத் தேடிக்கொண்டே இருந்தான்.

ரய்யா திரும்பினாள். "அவன் வெளிய போனா செத்துடுவான். நீ போ. வெளிய போ!"

"நான் கடைசியா வந்தவன்."

அவன் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளினாள். கோட்டுக் கை துணி மாதிரி வளையவில்லை. பலகை. அவள் வலது உள்ளங்கை அப்படியே ஒட்டிக்கொண்டது. குளிர்ந்த இரும்பில் நாக்கு ஒட்டுமே, அந்த மாதிரி. பிய்த்து எடுத்தாள். தோல் அங்கேயே தங்கிவிட்டது.

அவன் அசையவில்லை.

அறையில் இப்போது அவள் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. தவ்னோவின் மூச்சும் தெரிந்தது. நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது... சூடு மட்டும் இல்லை. அவன் முகத்துக்கு முன்னால் மூச்சு எதுவும் தெரியவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது. வழக்கத்தை வழக்கத்தால்தான் மடக்க வேண்டும்.

கோட்டு கூடப் போடாமல் வெளியே ஓடினாள். கதவைச் சாத்தினாள். மூச்சு மார்புக்குள் கத்தியாக இறங்கியது. திரும்பினாள். கதவைத் திறந்தாள்.

"இப்ப கடைசியா வந்தது நான்!" என்று கத்தினாள். "எனக்கு இடம் விடு!"

அவன் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தான். புருவத்தில் உறைபனிக்குக் கீழே அந்தக் கண்... வேண்டாம். அதை அவள் எனக்குச் சொன்னதில்லை.

"சரிதான்," என்றான். "உனக்கு இடம் உண்டு."

மேடையின் ஒரு பக்கத்தைக் காட்டினான்.

"உனக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. முதல்ல வந்தவன் போகட்டும்."

தவ்னோ எழுந்து நின்றான்.

நின்றான் என்றால்... அந்தக் காலில். கதவை நோக்கி நடந்தான். உறைந்த விரல் தரையில் டக் டக் என்று பட்டது.

ரய்யாவுக்குத் தான் செய்த தப்பு புரிந்தது. தான் மட்டும் கடைசியாக வந்தால் போதாது. தவ்னோவும் கடைசியாக வர வேண்டும்.

எந்தக் குளிரில் அவன் செத்துவிடுவான் என்று பயந்தாளோ, அதே குளிருக்குள் அவளே அவனை இழுத்துப் போக வேண்டும்.

போர்வை இரண்டையும் அவன் மேல் சுற்றினாள். மூலையில் கிடந்த இழுவைத்தட்டில் தள்ளிப் படுக்க வைத்தாள். தோல் இல்லாத கையால் கயிற்றைப் பிடித்தாள்.

இழுத்தாள்.

வாசற்படி. பனி. இருட்டு.

பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

முற்றத்து மரம் வரை இழுத்துப் போனாள். அங்கிருந்து திரும்பினாள். "டேய்... திட்டுடா. எதையாவது சொல்லித் திட்டுடா." அவன் திட்டவில்லை.

படிக்கு வந்தாள். கதவைத் தள்ளினாள்.

திறக்கவில்லை.

அந்தக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது. எந்தக் குடிலிலும் கிடையாது. தோளால் மோதினாள். சுவரில் மோதுகிற மாதிரி இருந்தது.

கீழே விளக்குமாறு கிடந்தது. எடுத்தாள். பூட்ஸில் இருந்த பனியைத் தட்டினாள். சர்... சர்...

வாழ்க்கையில் முதல் தடவையாகக் குடில் கதவைத் தட்டினாள்.

டக். டக். டக்.

"இடம் இருக்கா?"

மறுபடியும் தட்டினாள்.

"இடம்... இருக்கா?"

உள்ளே ஏதோ தரையில் உரசியது. பிறகு கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் குரல்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு."

குனிந்து தவ்னோவின் முகத்துக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

"கடைசியா வந்தவங்களுக்கு... இடம் உண்டு."

கதவு திறந்தது.

தவ்னோவை உள்ளே இழுத்தாள். மேடையில் ஏற்றினாள். அவன் மேல் தானும் படுத்து, அவன் முகத்தைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டாள். அவன் மூச்சு மெல்ல, கழுத்தில் பட்டது.

அந்த ஆள் உடனே போகவில்லை. அடுப்பருகே குந்தினான். கத்தியை எடுத்தான். விறகை எடுத்தான்.

சீவினான். சரக்... சரக்... சரக்...

கிளம்புகிறவன் செய்ய வேண்டியதைச் செய்தான். ஒவ்வொரு சிம்பாக. நிதானமாக. கடைசியில் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியைப் பாதி வெளியே இழுத்து வைத்தான்.

கதவருகே போய் நின்றான். திரும்பவில்லை.

"அடுத்த இடம் எங்க இருக்கு?"

கிளம்புகிறவன் வழி கேட்டால் சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம்தான். ஆனால் ரய்யா வழக்கத்தை நினைத்துச் சொல்லவில்லை. இவன் தொலைந்தால் போதும் என்றுதான் சொன்னாள்.

"ஆத்தோரமா போனா பியேரா வீடு வரும். பெரிய வீடு. அங்க இடம் இருக்கும்."

அவன் தலையாட்டினான். போனான்.

சறுக்குக் கட்டைச் சத்தம் கேட்கவில்லை. அடுப்புச் சூடு முகத்தில் பட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

எட்டரை மணி வாக்கில் பனிவண்டியின் எஞ்சின் சத்தம் கேட்டது. யாரும் தட்டவில்லை. கதவை உதைத்துத் திறந்துகொண்டு பியேரா வந்தான். கூடவே வெள்ளை மூட்டமாக ஆவி உருண்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் ரய்யா அழுதாள்.

பியேரா அழுகையைப் பார்க்கிற நிலையில் இல்லை. "மனுஷங்களா நீங்க? இந்தக் குளிர்ல ஒரு ஆளை வெளிய தள்ளியிருக்கீங்க! வந்து கதவைத் தட்டிச் சொல்றான், குடில்ல ரெண்டு பேர், ஒருத்தனுக்குக் கால் போச்சு, எனக்கு இடம் இல்லன்னு. எனக்கு வெக்கமா இருக்கு ரய்யா!"

ரய்யா மேடையிலிருந்து இறங்கினாள். "எத்தனை மணிக்கு வந்தான்?"

"ஏழு மணிக்கு. ரேடியோல செய்தி ஆரம்பிக்குது, கதவு தட்டுது. எதுக்கு?"

பதினெட்டு கிலோமீட்டர். ஐந்து நிமிஷம்.

"இப்ப அவன் எங்க?"

"வீட்லதான். என் கட்டில்ல படுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அப்பா காப்பி போட்டுக்கிட்டிருக்காரு."

ரய்யா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வண்டியை எடு. எதுவும் கேக்காத. எடு."

இனி நான் பார்த்தது.

பியேரா கிளம்பும் முன் எனக்கு போன் பண்ணியிருந்தான். "ஒன்பதரைக்கு என் வீட்டு வாசல்ல நில்லு. தவ்னோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்." சொன்ன நேரத்துக்குப் போனேன். வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. காரைத் திருப்பினேன். முன்விளக்கு வாசற்படியில் விழுந்தது.

படியில் ஈஸ்கோ உட்கார்ந்திருந்தார்.

சட்டையோடு. கம்பளிக் காலுறையோடு. முதுகில் மூட்டை.

"என்ன மாமா, இந்தக் குளிர்ல?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினேன். ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று நினைத்தேன். தோளில் கை வைத்தேன்.

கட்டை.

அவருக்குப் பின்னால் கதவு சாத்தக்கூட இல்லை. ஒரு சாண் திறந்திருந்தது. ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் உள்ளே போயிருப்பார்.

நான் உள்ளே போனேன். யாருமில்லை. பியேராவின் கட்டிலில் விரிப்பு கசங்கவில்லை. மேஜையில் இரண்டு கோப்பை. ஒன்று காலி. இன்னொன்றில் காப்பி நிறைய இருந்தது. மேலே பனிக்கட்டி படர்ந்திருந்தது. கதவு திறந்து கிடந்தும், நான் கோட்டுப் பொத்தானைக் கழற்றுகிற அளவுக்குச் சூடான அறையில்.

அடுப்பருகே சிம்பு சீவி அடுக்கியிருந்தது. ஈஸ்கோவின் கத்தி பக்கத்தில் கிடந்தது. தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். பியேரா ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். ரய்யா படியைப் பார்த்தாள். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் வழி சொன்னேன்," என்றாள்.

தவ்னோ பிழைத்தான். மூன்று விரல் போனது. இப்போது அவன் எதிலும் முதல் என்று சொல்லிக்கொள்வதில்லை. கடையில் வரிசையில் நின்றால்கூடப் பின்னால் வருகிறவரை முன்னால் விடுவான். அந்த ஆள் யார், எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் தேடிப் பார்த்தது. வயசானவர், புத்தி தடுமாறி வெளியே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று ஊரில் சொல்லிச் சிரிப்போம். அதற்கப்புறம் யாரும் சிரிப்பதில்லை. எங்கள் ஊரில் தெரிந்தவர்கள் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி நடைபாதையில் ரய்யா பியேராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். கதவு தட்டினது, இடம் ரெண்டு ஆள் மூணு என்று சொன்னது, முதல்ல வந்தது யாரு என்று கேட்டது, எல்லாம். பியேரா அவளைத் திட்டுவான் என்று பயந்தேன். அவன் திட்டவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்டயும் அதைத்தான் கேட்டான்," என்றான். "இந்த வீட்டுக்கு முதல்ல வந்தது யாருன்னு. ஏதோ பேச்சுக்குக் கேக்கறான்னு நினைச்சேன். சிரிச்சுக்கிட்டே அப்பாவைக் கை காட்டினேன். அப்பாவும் சிரிச்சாரு."